எட்டாங்கட்டையில் கோழி சுட்ட வரலாறு

மலாயாவில், ரெம்பாவிலிருந்து சிரம்பானுக்குப் போகிற சாலையில் எட்டாவது மைல்கல்லுக்கு எட்டாங்கட்டை என்று பெயர். அதையொட்டிய ரப்பர்த் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் ஒரு நீளமான பெயர் வைத்து, ஆபீஸ் வாசலில் பலகையும் மாட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை அந்தப் பலகையைத் தவிர வேறு யாரும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது எட்டாங்கட்டைத் தோட்டம். தோட்டத்து ஓரத்தில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒரே கடை, காக்கா கடை.

காக்கா என்றால் கடற்கரை முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கோழி விற்கிற ஒரு மனிதரை ஊரே காக்கா, காக்கா என்று அழைப்பதில் உள்ள விபரீதம் கோழிகளுக்குத் தெரிந்திருந்தால் தெரிந்திருக்கும். மனிதர்களில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

காக்காவின் சொந்தப் பெயர் குலாம் முகம்மது. தொண்டிக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிரம்பானின் தெமியாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாய்மாமன் ஹாஜா மைதீனிடம் வந்து சேர்ந்தார். எட்டு வருஷம் அந்தக் கடையில் கோழி வெட்டினார். ஒரு கோழியை இருபத்திரண்டு துண்டாக்குவது அந்தக் கடையின் சட்டம். இருபத்திரண்டிலும் எலும்பு இருக்கும். சதை எங்கே போயிற்று என்பது மாமா ஒருவருக்கே வெளிச்சம். ஒருநாள் ஒரு வண்டிக்காரர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, "ஏன் காக்கா, இது கோழிக் குழம்பா, கோழி நடந்து போன குழம்பா?" என்று கேட்டுவிட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். குலாம் முகம்மதுவுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமாவிடம் போய் நின்றார்.

"மாமா, ஒரு கோழி ஆறு மாசம் முழுசா வாழ்ந்துட்டு வருது. இலைக்கு வரும்போதும் முழுசா வரட்டுமே."

"முழுசா வேணும்னா முட்டை வாங்கித் தின்னுடா," என்றார் மாமா.

கொள்கைக்காகப் பதவி துறந்தவர்களின் பட்டியலில் குலாம் முகம்மதுவை யாரும் சேர்க்கவில்லை. ஆனால் அன்றைக்கே அவர் வெட்டுக்கத்தியை மாமாவின் முன்னால் வைத்துவிட்டு எட்டாங்கட்டைக்கு நடந்தார். அப்போதிருந்த துரை நல்லவர், அல்லது கவனக் குறைவானவர். புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கடை போட்டுக்கொள்ள வாயாலேயே உத்தரவு கொடுத்தார்.

கடை முன்பக்கம் எல்லாக் கடையையும் போலத்தான்: கருவாடு, வெற்றிலை, சீனி, சவுக்காரம். பெருமையெல்லாம் பின்கட்டில். அங்கே இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல்லால் வட்டமாக ஒரு அடுப்பு. அதன்மேல் ஒடிந்துபோன மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை. பட்டைக்குக் குறுக்கே வேலிக் கம்பிகளை நெருக்கி இழுத்துக் கட்டியிருந்தார். ஆறு கோழிகள் அதில் கால்களை நடுவுக்கு நீட்டி, மாநாட்டுக்கு வந்தவை போல வட்டமாகப் படுத்திருக்கும். கரி நடுவில்தான் குவிந்திருக்கும். தொடைக்கு நெருப்பு அதிகம் வேண்டும், நெஞ்சுக்குக் குறைவாக வேண்டும் என்பது அவர் கண்டது. மனிதர்களில் இது தலைகீழ் என்று அவர் சொல்வதுண்டு; என்ன பொருளில் சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, கோழிக்கு ஒன்றாகத் தொப்பி செய்து கவிழ்த்து வைத்திருப்பார். ரப்பர் விறகைக் கிட்டே சேர்க்க மாட்டார்; கடற்கரைச் சதுப்பு மரத்தை வெட்டிச் சுட்ட கரிதான். வெந்துவிட்டதா என்பதற்கு ஒரே பரீட்சை: காலைப் பிடித்து லேசாகத் திருகினால் மூட்டு தானாகக் கழல வேண்டும். கழலாத வரையில், கேட்பது கங்காணியானாலும் கவர்னரானாலும், "இன்னும் வேகலை" என்பதே பதில்.

அவருடைய மனைவி ஜுபைதா அம்பாங்கானில் பிறந்து வளர்ந்தவர். மலாய் அவருக்குத் தாய்மொழிக்குப் பக்கத்து வீடு. கல்யாணத்துக்கு முன்பு குலாம் முகம்மது மசாலா பூசுவதற்குக் கோழி இறகைத்தான் வைத்திருந்தார். வந்த முதல் வாரமே ஜுபைதா அதைப் பிடுங்கி எறிந்தார்.

"அதோட இறகாலேயே அதைத் தடவிக் குடுக்குறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, செரைத் தண்டின் அடியை அம்மியில் வைத்து நசுக்கித் தூரிகையாக்கி, தேங்காய்ப்பாலில் முக்கிக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எட்டாங்கட்டைக் கோழிக்கு எலுமிச்சைப் புல்லின் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ரெம்பாவ் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சம்பள ஞாயிறுகளில் தோட்டத்து ஆட்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கோழி எடுத்தார்கள். இப்படியே ஏழு வருஷம் சுகமாகப் போயிற்று.

அப்புறம் புதுத் துரை வந்தார்.

அவருடைய கழுத்தைப் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் முதல் நாளே கொக்குத்துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொக்குத்துரை கடமை தவறாதவர். வந்த ஆறு மாசத்தில் தமிழ்ப் பரீட்சையை முடித்துவிட்டு, அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் புகைக்கூடத்தைப் பார்வையிடத் தொடங்கினார். அதே பத்து மணிக்குத்தான் குலாம் முகம்மதுவின் கோழிகளில் கொழுப்பு உருகிக் கரியில் சொட்டும். பங்களாவில் துரைக்குச் சமைத்தவன் எதையும் தண்ணீரில் அவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன். காலையில் அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், அந்த வாசனைக்கு நடுவில் நின்று ரப்பர் ஷீட்டுகளை எண்ண வேண்டும். மூன்று நாள் எண்ணினார். மூன்று நாளும் எண்ணிக்கை தப்பிற்று. நாலாவது நாள் உத்தரவு பிறந்தது.

தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி திருநாவுக்கரசு, அதைக் கடைக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். கிராணி கும்பகோணத்துக்காரர். காகிதத்தில் எழுத்து இருந்தால் அவருக்குக் குரல் தானாகவே கனத்துவிடும்.

"இதனால் அறியத் தருவது யாதெனில், மேற்படி கடையின் பின்புறத்து அடுப்பானது புகைக்கூடத்துக்கு அருகில் இருப்பதாலும், தீ விபத்துக்கு ஏதுவாக இருப்பதாலும், கம்பெனியின் ரப்பரில் மசாலா வாசனை ஏறி லண்டன் மார்க்கெட்டில் அபகீர்த்தி உண்டாகும் என்பதாலும், மாத முடிவுக்குள் இடித்து அகற்றப்பட வேண்டியது. கடை இருக்கலாம்."

"அடுப்பு இல்லாம கடை எதுக்குங்க?" என்றார் குலாம் முகம்மது.

"கருவாடு விக்கலாமே."

"கருவாடும் முழுசாத்தான் இருக்கு," என்றார் ஜுபைதா உள்ளேயிருந்து. "உங்க கொள்கைக்கு ஒத்து வரும்."

குலாம் முகம்மது சிரிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் இரும்புப் பட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் கம்பெனி நிலம். துரை வேண்டாம் என்றால் அந்த அடுப்புக்கு நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே வேறு இடம் இல்லை. மறுபடி தெமியாங்குக்குப் போய் மாமாவின் முன்னால் நிற்கலாம். இருபத்திரண்டு துண்டு போடலாம்.

மாத முடிவுக்குப் பத்து நாள் இருந்தபோதுதான் கோழி சுடும் விவகாரம் ஆரம்பமாயிற்று.

கொக்குத்துரை தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். கற்றுக்கொடுத்தவர் இருவர். பகலில் பாடம் சொன்னது கிராணி. ரப்பர் மரங்களுக்கு நடுவில் பழக்கிக் கொடுத்தது, ஆட்களை மேய்க்கிற மண்டோர் இராஜமாணிக்கம். மண்டோர் பேச்செல்லாம் வெளியில் ஆட்களை விரட்டுகிற பேச்சு என்பதால், துரையின் தமிழில் மரியாதைக்கு இடமே இல்லாமல் போயிற்று. தன்னைப் பெற்றவளைப் பற்றிச் சொல்லும்போதும் "அவ காயிதம் போட்டா" என்பார். யாருக்கும் திருத்துகிற துணிச்சல் இல்லை. தவிரவும், துரை பேசியது புரியவில்லை என்று யாராவது சொன்னால் அது துரைக்கு அவமானம். அதைவிட, பாடம் சொன்ன கிராணிக்கு அவமானம். ஆகவே துரை பேசியதெல்லாம் எட்டாங்கட்டையில் உடனே புரிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை துரை கிராணியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழமெ காலையிலே பெரிய துரை வர்றான். இன்னும் ரெண்டு துரை வர்றான். கோழி சுட வேணும். ஆறு கோழி. முழுசு. காக்காகிட்டே கேளு. எல்லாம் ரெடி பண்ணு. போ."

கிராணி "சரிங்க துரை" என்று வெளியே வந்தார். வந்த பிறகுதான் யோசித்தார். பெரிய துரை என்பவர் கோலாலம்பூரிலிருந்து வந்து தோட்டங்களைத் தணிக்கை செய்கிறவர். அப்பேர்ப்பட்டவர் மற்ற துரைமார்களோடு காலை வேளையில் கோழி சுட வருகிறார். சுடுவது என்றால் என்ன? 'வேட்டைக்காரன் புலியைச் சுட்டான்' என்று அந்தச் சொல்லைத் துரைக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். துரைமார் சுடுவது துப்பாக்கியால். ஆகவே இது காட்டுக்கோழி வேட்டை.

அப்படியானால் காக்காவிடம் ஏன் கேட்கச் சொன்னார்? இங்கேதான் கிராணியின் மூளை தன் முழு வீச்சையும் காட்டியது. பக்கத்துக் காட்டில் காட்டுக்கோழி அற்றுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அது துரைக்கும் தெரியும். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினால் தலைகுனிவு. ஆகவே காக்காவிடம் ஆறு கோழி வாங்கிக் காட்டில் விட்டுவிட வேண்டும் என்று துரை ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். தம் மாணவனின் சாதுரியத்தை நினைத்துக் கிராணிக்குக் கண் கலங்கிற்று.

அன்று மாலையே அவரும் மண்டோரும் காக்கா கடைக்கு வந்தார்கள்.

"காக்கா, உங்களுக்கு நல்ல காலம் வந்துட்டு," என்றார் மண்டோர். "ஞாயித்துக்கிழமை தொரைமாரு கோழி சுட வாராக. ஒங்க கோழியிலேயே நல்லதா ஆறு குடுங்க. ஓடுற கோழியா இருக்கணும்லா."

"எதுக்கு ஓடணும்?"

கிராணி குரலைத் தாழ்த்தி விளக்கினார். குலாம் முகம்மது வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம கோழியைப் புதர்லே விட்டுத் துப்பாக்கியாலே சுடறதா? சுட்டுட்டா அது ஹராமுங்க. அப்புறம் நான் கையாலே தொட மாட்டேன்."

"தொடச் சொல்லி யார் சொன்னா? சாப்பிடச் சொல்லித்தான் யார் சொன்னா? சுடத்தானே சொன்னார்!" என்றார் கிராணி.

"அறுக்காம, வேகாம, யாரும் தின்னாம..." குலாம் முகம்மதுவுக்கு அந்த வீண் சாவு தாங்கவில்லை.

"காக்கா, யோசிச்சுப் பேசுங்க. பெரிய துரை மனம் குளிர்ந்தால் நம்ம துரை மனம் குளிரும். அவர் மனம் குளிர்ந்தால் உம்ம அடுப்பு அணையாது. இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. குலாம் முகம்மது தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு ஜுபைதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, சுடுறதுன்னா நம்ம சுடுறதா இருக்கும்ல?"

"நம்ம சுடுறதா?"

"ஏழு வருஷமா இந்தத் தோட்டத்துலே கோழி சுடுறது யாரு? உங்களுக்குப் பேரே சுட்டகோழி காக்கா. ஆறு கோழின்னாரு, முழுசுன்னாரு, காக்காவைக் கேளுன்னாரு. நம்ம அடுப்புலே எத்தனை கோழி கொள்ளும்?"

குலாம் முகம்மது ஒரு நிமிஷம் ஆடிப்போனார். பிறகு சமாளித்துக்கொண்டார். "உனக்கு என்ன தெரியும்? அடுப்பை இடின்னு காயிதம் குடுத்தவரு, அதே அடுப்புலே சுட்டுக் குடுன்னு கேப்பாரா? கிராணி படிச்சவரு."

"படிச்சவங்க சொல்றதுக்குப் பயந்துதான் நானும் வாயை மூடிட்டு நின்னேன்," என்றார் ஜுபைதா. "கோழியைக் குடுங்க. ஆனா மசாலா அரைக்கிறதை நான் நிறுத்தலை. நம்ம வீட்டு மசாலா, நான் எப்ப வேணும்னாலும் அரைப்பேன்."

ஞாயிறு விடிந்ததும் ஆறு கோழிகளும் கூடையில் போய், தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவிலிருந்த லாலான் புல்வெளிக்குள் அவிழ்த்து விடப்பட்டன. வெளியே காலெடுத்து வைத்த கோழிகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டன. வேட்டைப் பிராணிக்குரிய பதற்றம் ஒன்றிடமும் இல்லை. ஒன்று முட்டையிட்டதாகவும் சொல்கிறார்கள்.

விரட்டுகிறதற்காக மண்டோர் முப்பது பேரைத் திரட்டியிருந்தார். ஆளுக்கொரு மண்ணெண்ணெய்த் தகரமும் குச்சியும். துரைமார் சாலைப் பக்கம் நிற்பார்கள்; ஆட்கள் காட்டுப் பக்கமிருந்து தகரம் தட்டிக்கொண்டு வருவார்கள்; சத்தத்துக்கு மிரண்டு கோழிகள் துரைமாரை நோக்கிப் பறக்கும். கிராணி இதைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்தே வைத்திருந்தார்.

ஒன்பதரை மணிக்கு மோட்டார் கார் வந்தது. கொக்குத்துரையோடு சேர்த்து நாலு துரைமார் இறங்கினார்கள். பெரிய துரை வயிறு பெருத்தவர், முகம் சிவந்தவர், காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவர். யார் கையிலும் துப்பாக்கி இல்லை. கார் பெட்டிக்குள் இருக்கும் என்று கிராணி எண்ணினார். கைக்குட்டையை உயர்த்தி அசைத்தார்.

முப்பது தகரங்கள் ஒரே நேரத்தில் முழங்கின.

கிராணியின் படத்தில் விட்டுப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஜுபைதா கோழிகளுக்குத் தீனி வைப்பது தகரத்தைத் தட்டித்தான். பிறந்தது முதல் தகரச் சத்தம் என்றால் அவற்றுக்கு நெல் என்று பொருள். அன்றைக்கோ முப்பது தகரம். வாழ்நாளில் கேட்டறியாத விருந்து. ஆறு கோழிகளும் எழுந்து, சிறகை விரித்து, துரைமாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டுகிறவர்களை நோக்கித் தலைதெறிக்க ஓடின.

"ஐயோ, கோழி நம்மளைச் சுடல்லவா வருது!" என்று கத்தினாள் மரம் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிற மங்கம்மா. சொல்லிக்கொண்டே குனிந்து ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மற்ற ஐந்தும் ஆட்களின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து நெல்லைத் தேடின.

துரைமார் இதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய துரை கொக்குத்துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இது ஏதாவது தமிழர் பண்டிகையா என்று கேட்டிருக்கலாம். கொக்குத்துரையின் கழுத்து காலருக்கு வெளியே நாலு விரற்கடை ஏறிற்று.

"கிராணி! என்னா இது?"

"கோழி, துரை."

"தெரியும்! நான் கோழி சுட சொன்னேன். சுட்ட கோழி எங்கே?"

"இன்னும் சுடவில்லை துரை. துப்பாக்கி வரட்டும் என்று..."

"துப்பாக்கி எதுக்கு?"

"சுடுவதற்கு."

"துப்பாக்கியிலே எப்படி மசாலா போடுவான்?"

கிராணியின் கையிலிருந்த அம்புக்குறிக் காகிதம் மெதுவாகச் சுருண்டது. மண்டோர் இராஜமாணிக்கம் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, தாம் அந்தத் தகரத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ஓரத்தில் நின்ற குலாம் முகம்மதுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டார். மணி பத்து. நாலு துரைமார், பசியோடு. ஆறு கோழிகள், உயிரோடு. அடுப்பில் நெருப்பு இல்லை. இன்றைக்கு இவர்கள் பசியோடு காரேறினால் மாத முடிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை; அடுப்பை இன்றைக்கே இடித்துவிடுவார்கள்.

"துரை," என்றார். "ஒரு மணிக்கு இலை போடுறேன்."

சொன்ன பிறகுதான் பயந்தார். வழக்கமாக மசாலாவில் ஓர் இரவு முழுக்க ஊறுகிற கோழி அது.

ஆனால் மசாலா அரைத்து வைத்திருந்தது. ஜுபைதா அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். கோழிகளைக் குலாம் முகம்மதுவே பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். மங்கம்மாவும் நாலு பெண்களும் வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கினார்கள். முப்பது பேர் கூடிவிட்டால் கோழிக்கு இறகு நிற்கிற பேச்சே இல்லை.

"நெஞ்சுலே ரெண்டு கீறல் போட்டா மசாலா இறங்கும்," என்றார் மண்டோர், மெதுவாகத் திரும்பி வந்து.

"கீறுனா முழுக்கோழி எப்படி ஆகும்?" என்றார் குலாம் முகம்மது.

"இந்த நேரத்துலயுமா!" என்று ஜுபைதா குறுக்கே வந்தார். கழுத்துப் பக்கமாகத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை நுழைத்து, கையுறை மாட்டுவதுபோல உள்ளேயே மணிக்கட்டு வரை போய், மசாலாவை அங்கே பரப்பினார். வெளியே ஒரு கீறலும் இல்லை. ஆறு கோழியும் அப்படியே. குலாம் முகம்மது பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு வருஷமாகத் தமக்குத் தோன்றாதது அது. நல்ல புருஷனாகையால் அதை வெளியில் சொல்லவில்லை.

கரி நடுவில் குவிந்து, சிவந்து, மேலே வெண்சாம்பல் பூத்தது. வாழைநாரால் கால் கட்டிய ஆறு கோழிகள் வட்டமாகப் படுத்தன. தொப்பிகள் கவிழ்ந்தன. கொழுப்பு உருகியது. அந்த வாசனை எழும்பி, கடையின் முன்பக்கத்தில் பெஞ்சில், காரில் கொண்டுவந்த விஸ்கியோடு சாய்ந்திருந்த நாலு துரைமாரையும் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து உட்கார வைத்தது.

கொக்குத்துரைக்குத் தமிழில் உச்சரிப்புச் சுத்தமாக வருகிற சொல் ஒன்று உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்கட்டு வாசலில் கழுத்து மட்டும் நீண்டது.

"ஆச்சா?"

"இன்னும் வேகலை துரை."

"ஆச்சா?"

"இன்னும் வேகலை."

பதினோராவது தரம் குலாம் முகம்மது ஒரு காலைப் பிடித்துத் திருகினார். மூட்டு கழலவில்லை. பன்னிரண்டாவது தரம், மணி ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கழன்றது.

வாழையிலையில் ஆளுக்கொரு முழுக்கோழி வைக்கப்பட்டபோது துரைமாரிடம் கத்தி முள் எதுவும் இல்லை. பெரிய துரை சற்றுநேரம் கோழியைப் பார்த்தார். கோழி எங்கேயும் போகவில்லை. பிறகு கோட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் அரைமணி நேரம் எட்டாங்கட்டையில் இங்கிலீஷ் பேச்சே கேட்கவில்லை.

கை கழுவியதும் பெரிய துரை அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று பின்கட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; இருபது வருஷத்து மலாய் தெரியும். கிராணி முன்னால் வந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் ஜுபைதா மலாயில் ஆரம்பித்துவிட்டார்.

"துவான், மலாயிலே அடுப்புலே சுடுறதுக்குப் பங்காங். துப்பாக்கியிலே சுடுறதுக்குத் தெம்பாக். ரெண்டு வார்த்தை. எங்க தமிழிலே ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அதுலேதான் காலையிலே இந்தக் குழப்பம்."

பெரிய துரை வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிக்கிறதுக்குள் ஜுபைதா அடுத்ததைச் சொன்னார்: மாத முடிவில் இந்த அடுப்பை இடிக்க உத்தரவு இருக்கிறது, ரப்பரில் மசாலா வாசனை ஏறுகிறதாம்.

பெரிய துரை திரும்பிக் கொக்குத்துரையைப் பார்த்தார். பிறகு புகைக்கூடத்திலிருந்து ஒரு ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னார். நாலு துரைமாரும் அதை மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். தேயிலை ருசி பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு நேரம் முகர்வதில்லை. ஷீட்டில் ரப்பர் வாசனைதான் இருந்தது. அவர்கள் விரல்களில்தான் மசாலா.

"ஆனா தீ பறக்குறது நெசம்," என்று குலாம் முகம்மது திடீரென்று சொன்னார். ஜுபைதா அவர் காலை மிதித்தும் நிறுத்தவில்லை. "காத்து அடிச்சா பொறி புகைக்கூடத்து அத்தாப்பு ஓலைக் கூரைக்குப் போவும். நானே பயந்திருக்கேன். துரை சொன்னதுலே அது மட்டும் சரி."

ஜுபைதா வேறு வழியில்லாமல் அதையும் மலாயில் சொன்னார். பெரிய துரை தலையை ஆட்டிவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த வெற்று நிலத்தைக் கையால் காட்டினார். அங்கே வைத்துக்கொள், நான் சொன்னதாக எழுதிக் கொடுக்கச் சொல்லு என்றார். எழுதுவது என்றதும் கிராணிக்கு உயிர் வந்தது. அந்த இடத்திலேயே, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கும்படி, இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

கார் கிளம்பிப் போயிற்று. முப்பது பேரும் அப்படியே நின்றார்கள். மீந்தது இரண்டு கோழி.

"முப்பது பேருக்கு ரெண்டா?" என்றாள் மங்கம்மா. "காக்கா, இன்னைக்குத்தான் நீங்க அந்த இருபத்திரண்டு துண்டைப் போட்டாகணும்."

குலாம் முகம்மதுவின் முகம் வாடிற்று. ஆயினும் கத்தியை எடுத்தார். தெமியாங்கை விட்டு வந்த பிறகு அவர் போட்ட முதல் துண்டுகள் அவை. மாமாவிடம் பழகிய கை கெட்டுப்போகவில்லை என்று துண்டுகளே சாட்சி சொல்லின. ஆனால் ஒவ்வொன்றிலும் சதை இருந்தது.

தின்ற தெம்போடு முப்பது பேரும் செங்கல்லை வாய்க்காலுக்கு அப்பால் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். இரும்புப் பட்டை இன்னும் சூடாக இருந்ததால் கோணிப்பையைச் சுற்றி, எட்டுப் பேர் சாமி பல்லக்குத் தூக்குவதுபோல் தூக்கிப் போனார்கள். மண்டோர் முன்னால் நடந்து வழி விடச் சொன்னார். வழியில் யாரும் இல்லை.

"எங்கே வைக்கட்டும்?" என்றார்கள்.

"இந்த மூலையிலே, கடைக்குக் கிட்டே," என்றார் குலாம் முகம்மது.

"அங்கே வேணாம்," என்றார் ஜுபைதா. ஈரக் கையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். துரையின் பங்களா நிற்கிற மேட்டையும் பார்த்தார். "காலையிலே பத்து மணிக்குக் காத்து எந்தப் பக்கம் போவும்?"

"பங்களாப் பக்கம்."

"அப்ப அந்தக் கடைசியிலே வையுங்க. மேட்டுக்கு நேரா. வாசனை நேரே தொரை மேசைக்குப் போவட்டும். அடுத்த தரம் இடின்னு காயிதம் எழுத உக்காந்தா, பசியோட எழுதிப் பாக்கட்டும்."

குலாம் முகம்மது யோசித்தார். பிறகு தாமே பட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மேட்டுக்கு நேராக இன்னும் நாலு அடி தள்ளி வைத்தார்.